குண்டு விழுந்த எல்லை

எங்கள் பக்கத்தில் ஊர்வலம் போகாத நாள் கிடையாது. மஞ்சக்குப்பத்தில் பிறந்த பிள்ளை நடக்கக் கற்றுக்கொள்வதற்குள் இருபது ஊர்வலம் பார்த்துவிடும். பால்குடம், காவடி, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் புறப்படும் சாமிகள், தலைவர் பிறந்தநாளுக்கு மோட்டார் சைக்கிள் பேரணி, தலைவர் கைதானால் கண்டனப் பேரணி, வெளியே வந்தால் வரவேற்புப் பேரணி, மஞ்சள் நீராட்டுக்கு மேளதாளத்தோடு சீர்வரிசை, தொண்ணூறு வயதுக் கிழவர் போய்ச்சேர்ந்தால் பறையும் வெடியுமாய்ப் பூப்பல்லக்கு. சிதம்பரத்தைக் கேட்கவே வேண்டாம். ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர் நான்கு வீதியும் சுற்றும். பஸ் நிற்கும், லாரி நிற்கும், சில சமயம் ஆம்புலன்ஸும் நிற்கும். "இதெல்லாம் தெருவுல எதுக்கு? வீட்டுக்குள்ளயே வெச்சுக்கக் கூடாதா?" என்று ஒரு வாய் கேட்காது.

அந்தக் கேள்வியை ஒரே ஒரு ஊர்வலத்துக்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம்.

போன ஜூன் கடைசியில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மூன்று பேர் சீட்டில் எனக்கு ஜன்னலோரம். நடுவில் ஒரு பெரியவர். ஐம்பத்தைந்து இருக்கும், சலவை வேட்டி, நெற்றி நிறையப் பட்டை, கையில் செய்தித்தாள். அதில் சென்னை வானவில் பேரணியின் படம். வண்ணக்கொடி, முகத்தில் சாயம் பூசிய பிள்ளைகள், சேலை கட்டிய ஒருவர் பறையடிக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்.

"பாத்திங்களா சார் கூத்த? வெள்ளக்காரன் ஊர்லேர்ந்து எறக்குமதி பண்ணிட்டானுவோ. நம்ம கலாச்சாரம் என்னா ஆவறது? இது நாளைக்கு நம்ம கடலூரு, செதம்பரத்துக்கு வந்துச்சுன்னா..."

முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டால்தான் பயமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இறக்குமதி என்றதும் எனக்குத் தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஞாபகம் வந்தது. 1690-ல் அந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பேரத்தில் ஒரு விசித்திரம் இருந்தது: கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் வாங்கியவனுக்கே சொந்தம். வாங்கியவன் என்ன இளித்தவாயனா? பெரிய பீரங்கியாகப் பார்த்து நாலா பக்கமும் சுட்டான். விழுந்த இடமெல்லாம் அவனுடையது. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயர். குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அந்தக் குண்டைத் தன் பெயரில் சுமந்துகொண்டு கடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதே வெள்ளைக்காரன் 1860-ல் இன்னொரு குண்டு சுட்டான். இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 377. 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனை வரை. இயற்கை எது, ஒழுங்கு எது என்று விக்டோரியா மகாராணி காலத்துக் கனவான்கள் தீர்மானித்து, கப்பலில் ஏற்றி, நம் தலையில் இறக்கினார்கள். சுட்டவன் 1967-ல் தன் ஊரில் பீரங்கியைக் கழற்றத் தொடங்கிவிட்டான். நாம்? 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கழற்றியதை 2013-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி பூட்டி, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிதான் கழற்றியது. நூற்றைம்பத்தெட்டு வருஷம். குண்டு போட்டவன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும், அது விழுந்த எல்லைக்குள் நின்றுகொண்டு, 'இது எங்கள் முப்பாட்டன் சொத்து' என்று காவல் காக்கிறோம். இறக்குமதிச் சரக்கு எது என்று பெரியவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பஸ்ஸில் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

சிதம்பரம் என்ற பெயரையும் கலாச்சாரம் என்ற சொல்லையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் அந்த ஊர் ஆட்டத்தின் கதை எங்கே தொடங்குகிறது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். தாருகாவனத்தில் தொடங்குகிறது. சிவன் ஒட்டுத்துணி இல்லாமல் பிச்சாடனராய்ப் போகிறார். கூடவே யார்? பெருமாள், சேலை கட்டிக்கொண்டு, மோகினியாய். முனிவர்களின் மனைவிமார் அவர் பின்னாலும் முனிவர்கள் இவர் பின்னாலும் நடக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அது ஒரு ஊர்வலம். ஒருவர் அம்மணம், இன்னொருவர் பெண்வேடம், பின்னால் ஊரே. எந்தக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கினார்கள்? சுயநினைவு வந்ததும் முனிவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேள்வி வளர்த்துப் புலியை ஏவினார்கள், பாம்பை ஏவினார்கள், கடைசியில் முயலகனை ஏவினார்கள். தங்களுக்கு ஆசை வந்ததற்கு அடுத்தவனைக் கொல்லப் புறப்பட்ட முதல் கலாச்சாரக் காவலர்கள் அவர்கள்தான். பரம்பரை அற்றுப்போகவில்லை. இன்று வேள்விக்குப் பதில் வாட்ஸாப் குழு இருக்கிறது.

சாமி புலியை உரித்துக் கட்டிக்கொண்டார், பாம்பை அணிந்துகொண்டார், முயலகன் மேல் ஏறி நின்று ஆடினார். அந்த ஆட்டத்தைத்தான் நாம் காசு கொடுத்து அர்ச்சனை செய்து கும்பிடுகிறோம். கும்பிட்டு முடித்து வெளியே வந்து வாட்ஸாப்பைத் திறந்ததும் முயலகன் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம்.

அதே கோயிலில் மார்கழிக் குளிரில் மீசை வைத்த ஆண்கள் வரிசையாய் நின்று, தூங்கும் தோழியை எழுப்பும் கன்னிப்பெண்ணின் குரலில் மாணிக்கவாசகரைப் பாடுகிறார்கள். அவர் கடவுளைப் பெண் என்றார், ஆண் என்றார், இரண்டும் அல்லாதது என்றும் பாடிவிட்டுத் தில்லையில் கலந்தார். ஆயிரம் வருஷமாக அதைப் பாராயணம் செய்கிற வாய்க்கு, மூன்றாவது ஒன்று இருப்பது செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிகிறது.

இந்த ஊரை நான் புனிதப்படுத்தவும் தயாரில்லை. போட்டி ஆட்டத்தில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காளியை வென்ற கதையும் இங்கேதான் நடந்தது. பெண் அப்படிக் காலைத் தூக்கலாகாது என்று காளி நின்றுவிட்டாளாம்; தோற்றவள் ஊரின் வடக்கு எல்லைக்குப் போனாள், தில்லைக்காளியாய் இன்னும் அங்கேயே இருக்கிறாள். சாமிக்கே ஊர்க்கடைசி. நந்தனாருக்கு? உள்ளே வர ஆசையா, தீயில் குளித்துவிட்டு வா. சிற்றம்பல மேடையில் நின்று தமிழில் தேவாரம் பாட 2008-ல் போலீஸ் வேண்டியிருந்தது. பக்தன் கனகசபையில் ஏறிக் கும்பிட 2022-ல் அரசாணை வேண்டியிருந்தது. யார் எதுவரை வரலாம் என்று கோடு கிழிப்பதில் எங்கள் ஊருக்குள்ள அனுபவம் லேசுப்பட்டதல்ல.

நந்தனாரின் தீ அணையவும் இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி நல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினம் எது என்று தானே சொல்லலாம், அறுவைசிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. 2019-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. திருநர் என்று அடையாளச் சான்று வேண்டுமா, கலெக்டரிடம் மனுப் போடு. பெண் என்றோ ஆண் என்றோ சான்று வேண்டுமா, அறுவைசிகிச்சை செய்து மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொண்டு வா. பெரியவருக்கும் எனக்கும் நாங்கள் ஆண்தான் என்பதற்கு எந்தக் கலெக்டரும் இதுவரை சான்று தரவில்லை. கேட்டால் எங்களிடம் என்னத்தைக் காட்டச் சொல்வார்களோ.

'இது நம்ம ஊருக்கு வந்துவிட்டால்' என்ற பயத்துக்கு வருவோம். கூவாகம் எங்கே இருக்கிறது? இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், அதற்கு முன் விழுப்புரம். 1993-ல் தென்னார்க்காட்டைப் பிரிக்கும் வரை அது எங்கள் மாவட்டம், கடலூர்தான் தலைநகர். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நாங்கள் உட்கார்ந்திருந்த பஸ் கொத்தட்டையைத் தாண்டித்தான் சிதம்பரம் போக வேண்டும். அங்கேயும் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது, திருநங்கைகள் அங்கேயும் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இப்போது கொத்தட்டை என்றால் சுங்கச்சாவடி மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது.

சித்திரையில் கூவாகத்தில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நாளைக்குக் களப்பலி ஆகப்போகிற அரவானுக்கு ஒரு ராத்திரி மனைவி வேண்டும். எந்தத் தகப்பனும் பெண் கொடுக்கவில்லை. கிருஷ்ணன் மோகினியாகிக் கழுத்தை நீட்டுகிறான். அந்த மோகினியாய் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். விடிந்ததும் தாலி அறுபடுகிறது, வளையல் உடைபடுகிறது, வெள்ளைப்புடவை. தொலைக்காட்சிக்காரர்கள் அழுகையைக் கிட்டத்தில் போய்ப் பிடிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுகிறார்கள். 'பண்பாட்டுத் திருவிழா' என்று தலைப்பு வருகிறது.

இதுதான் நாம் அவர்களுக்கு ஒதுக்கிய பங்கு. கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி, விதவைக்கோலத்துக்கு மறுநாள் காலை. தாலியறுத்துக்கொண்டு தெருவில் அழுதால் கலாச்சாரம். அதே ஆள் அதே தெருவில் சிரித்துக்கொண்டு நடந்தால் கலாச்சாரச் சீரழிவு.

ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு பதிவுக்குப் போனபோது பதிவாளர் கையை விரித்தார். மணப்பெண் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் சொன்ன பிறகுதான் பதிவேட்டில் இடம் கிடைத்தது. ஒரே பாலினத்தார் கல்யாணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-ல் கையை விரித்துவிட்டது. நாடாளுமன்றத்தைப் போய்ப் பாருங்கள் என்றது. நாடாளுமன்றம் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

பெரியவர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "ஆணும் பொண்ணும் சேர்றதுதான சார் இயற்க? அத யாராச்சும் வாணாம்னாங்களா?"

வேண்டாம் என்றார்கள், பெரியவரே. உங்கள் மாவட்டத்தில் சொன்னார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், புதுக்கூரைப்பேட்டையில். முருகேசன் ஆண். கண்ணகி பெண். முருகேசன் நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் படித்தவர். 2003 மே மாதம் கடலூரில்தான் இருவரும் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள். இயற்கை, சட்டம், பதிவேடு, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. சாதி மட்டும் சரியாக இல்லை. ஜூலை 8-ஆம் தேதி இருவரையும் மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஊரே பார்த்தது. காவல்துறை வழக்கைத் திரித்தது. தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது. உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய 2025 ஏப்ரல் ஆனது. தண்டனை பெற்றவர்களில் காவல்துறை அதிகாரிகளும் உண்டு.

ஆணும் பெண்ணும் சேர்ந்ததற்கு இதுதான் நம் ஊர் கொடுத்த மொய். அன்றைக்கு 'கலாச்சாரம் போச்சே' என்று எந்த டீக்கடையில் யார் அழுதார்? ஒரு பெண்ணின் காதில் விஷம் ஊற்றியபோது அசையாத கலாச்சாரம், ஒரு பையன் உதட்டுச்சாயம் பூசினால் மட்டும் எப்படி இடிந்து விழுகிறது? எந்தக் கொத்தனார் கட்டியது அது?

வானவில் பேரணியின் பிறப்பு பற்றியும் ஒரு சொல். எவரோ பணக்கார நாட்டில் பொழுதுபோகாமல் தொடங்கிய விழா என்றுதான் பலருக்கும் எண்ணம். 1969 ஜூன் 28-ஆம் தேதி விடிவதற்கு முன், நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுக்கடைக்குள் போலீஸ் புகுந்து, உள்ளே இருந்தவர்களை வழக்கம்போல் இழுத்துப் போட்டது. வழக்கத்துக்கு மாறாக அவர்கள் எதிர்த்து நின்றார்கள். மறு வருஷம் அதே நாளையொட்டி நடந்தார்கள். அவ்வளவுதான். போலீஸ் அடியும் அதற்கு எதிரான ஊர்வலமும் தென்னார்க்காட்டுக்காரனுக்குப் புரியாத அயல்நாட்டுச் சங்கதிகளா? 1999-ல் கொல்கத்தாவில் பதினைந்து பேர் நடந்தார்கள். 2009-ல் சென்னையும் 2012-ல் மதுரையும் நடந்தன. 2013-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பவும் குற்றவாளிகள் ஆக்கியபோதும் நடையை நிறுத்தவில்லை.

அந்தப் பேரணிக்குத் தமிழில் வைத்த பெயரைக் கவனித்தீர்களா? பிரைடு என்றால் பெருமை என்று அகராதி சொல்லும். இவர்கள் 'சுயமரியாதை' என்று வைத்தார்கள். வானவில் சுயமரியாதைப் பேரணி. யாருடைய சொல் அது? அந்தச் சொல்லுக்காரர் 1944-ல் எங்கள் கடலூருக்கு வந்தார். கூட்டம் முடிந்து ரிக்ஷாவில் போகும்போது இருட்டில் எவனோ செருப்பை வீசினான். பெரியார் ரிக்ஷாவைத் திருப்பச் சொன்னார். ஒரு செருப்பை வைத்துக்கொண்டு அவனும் என்ன செய்வான், நானும் என்ன செய்வேன் என்று இன்னொன்றைத் தேடிப் போனார். அது வீசப்பட்ட இடத்தில் இப்போது அவர் சிலை நிற்கிறது. எல்லாக் கட்சிக்காரர்களும் செப்டம்பர் 17-ஆம் தேதி மாலை போடுகிறார்கள். மாலை போட்ட கையோடு இந்தப் பேரணிக்கு ஒரு வரி ஆதரவு கேட்டுப் பாருங்கள். "பொது எடத்துல கொஞ்சம் நாகரிகமா..." என்று இழுப்பார்கள். சிலை வைத்த ஊர்தான், செருப்பையும் கைவசம் வைத்திருக்கிறது.

பேரணிக்காரர்களுக்கும் என்னிடம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஜூன் பிறந்ததும் பெரிய கம்பெனிகள் முத்திரையில் வானவில் பூசிக்கொள்கின்றன, ஜூலை ஒன்றாம் தேதி கழுவிவிடுகின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதாவது வருஷம் முழுக்க நிற்கும். அந்தக் கம்பெனிகளின் பதாகையை முன்னால் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் மட்டும் முழக்கமிட்டுக்கொண்டு போனால், கடலூர் முதுநகரில் கடைகேட்டுப் பிழைக்கிற திருநங்கைக்கு அது எந்த ஊர்க் கூத்தோ என்றுதான் படும். நெய்வேலியிலோ பண்ருட்டியிலோ தன் மனசை யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிற பையனுக்கு முதலில் வேண்டியது, அம்மாவிடம் சொல்ல ஒரு சொல். 2021-ல், ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் ஆலோசகரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகுதான் தீர்ப்பெழுதினார். இவர்களைக் குறிக்கக் கௌரவமான சொற்கள் வேண்டும் என்று அரசைத் துளைத்தார். அரசும் சொல்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி தெரியாது என்று சொல்லலாம். டீக்கடை பெஞ்சில் அப்படிச் சொல்லிவிட்டால் மறுநாள் டீ கிடைக்காது.

இதற்குள் பஸ் புதுச்சத்திரத்தில் நின்றது. எங்கள் சீட்டின் மூன்றாவது ஆள் இறங்கினார். முன்வாசலில் ஒரு திருநங்கை ஏறினார். நாற்பதுக்கு மேல் வயது, கத்தரிப்பூ நிறச் சேலை, தோளில் துணிப்பை. கைதட்டவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கண்டக்டரிடம் சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார்.

பெரியவர் செய்தித்தாளை மடித்தார். மேல்பையிலிருந்து பத்து ரூபாய்த்தாளை எடுத்து, அவராகவே கூப்பிட்டார்.

"இந்தாம்மா தாயி. பொண்ணுக்கு ஆவணில கல்யாணம் வெச்சிருக்கேன். உங் கையால ஒரு ரூவா குடும்மா."

அந்தத் திருநங்கை சிரித்தார். வேலைக்கு விடுப்பு எடுத்த நாளிலும் வேலை தேடி வருவதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. சுருக்குப்பையைத் திறந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்து, பெரியவரின் தலையை மூன்று முறை சுற்றி, நெற்றிப்பொட்டில் விரலை வைத்து நெட்டி முறித்தார். "ராசாத்தி மாதிரி இருப்பா உம் பொண்ணு. போ ராசா." பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் நாணயத்தை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பட்டையில் கொஞ்சம் நாணயத்தில் ஒட்டியது. அதைச் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிழிந்தது பேரணிப் படத்தின் மூலை.

பிறகு அந்த அம்மா, காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தார்.

பெரியவர் எழுந்தார். அந்த அம்மாவின் முழங்காலை இடித்துக்கொண்டு நடைபாதைக்கு வந்து நின்றுகொண்டார்.

"எறங்கப் போறிங்களா?" என்றேன்.

"இல்ல சார். சும்மா, காத்தாட."

அந்த அம்மா ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். என்னைத் தாண்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தேன். கொத்தட்டைச் சுங்கச்சாவடியில் டிரைவர் பிரேக் போட்டார். பெரியவர் ஆடிப்போய், விழாமல் சமாளித்தார்.

"எடந்தான் இருக்குல்ல, ஒக்காருங்க பெரியவரே," என்றார் கண்டக்டர்.

அவர் உட்காரவில்லை. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப்பையை அமுக்கிப் பார்த்தார். நாணயம் பத்திரமாக இருந்தது.